மறு: கிரே வாட்டர் – சாம்பல் நீரா, கழுவுநீரா?

வணக்கம். கழிப்பறை தவிர, குளியலறை, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் போன்றவற்றில் பயன்படுத்தி வெளியேறும் தண்ணீரை ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற விவாதத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> உலகம் முழுக்க நிறத்தை வைத்துத்தானே சொல்கிறார்கள்? நாமும் ‘சாம்பல் நீர்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன?

அந்தச் சொல் காலியாக இல்லை என்பதுதான் சிக்கல். அனல்மின் நிலையங்களில் நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்குத் தள்ளுகிறார்கள். சாம்பல் நீர் என்றால் முதலில் அதுதான். நீர்த்தடம், அதாவது ஒரு பொருளை உண்டாக்க எவ்வளவு நீர் ஆகிறது என்று கணக்கிடுகிறவர்களும் அந்த நீரை நீலம், பச்சை, சாம்பல் எனப் பிரிக்கிறார்கள். அங்கே சாம்பல் என்பது, உற்பத்தியில் வெளியாகும் மாசை ஏற்கத்தக்க அளவுக்கு நீர்க்கச் செய்யத் தேவைப்படும் நன்னீரின் அளவு. குளியலறைத் தண்ணீருக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை.

தவிர, இந்தச் சொல் அதிகம் தேவைப்படப் போவது வீட்டில் குழாய் பிரிக்கிற பிளம்பருக்கு. கழிப்பறைக் குழாயைத் தனியாகவும், குளியலறை, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் குழாய்களைத் தனியாகவும் அவர் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு, நிறம் அல்ல. எனவே என் வாக்கு ‘கழுவுநீர்’ பக்கம். கழிப்பறையிலிருந்து வருவதற்கு ‘மலநீர்’ போதும், நாசூக்கு பார்க்க வேண்டாம்.

> கழுவுநீர் என்றால் ‘கழுவப் பயன்படும் நீர்’ என்றும் பொருள் வருமே?

வினைத்தொகை என்பதால் வரும். ஆனால் அரிசி களைந்த தண்ணீரைக் ‘கழுநீர்’ என்று சொல்லியே பழகியிருக்கிறோம். அது கழுவி முடித்த நீர்தான். உண்மையில் குழப்பம் தருவது, கிரே வாட்டருக்கு ‘புழங்குநீர்’ என்று வைப்பதுதான். குடிக்க ஆகாது, மற்ற வேலைக்கு ஆகும் என்கிற தண்ணீரைத்தானே ‘புழங்கத் தண்ணீர்’ என்கிறோம்?

சரி, சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் இதில் சேருமா? எண்ணெயும் உணவுத் துணுக்கும் கலந்திருப்பதால் சில விதிகள் அதைச் சேர்க்காமல் விடுகின்றன, சில சேர்க்கின்றன. ‘அடுக்களைக் கழுவுநீர்’ என்று அடைமொழியோடு எழுதினால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

சுத்திகரித்த பிறகு என்ன பெயர் என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி. சுத்திகரிக்காத கழுவுநீரை 24 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. நுண்ணுயிரிகள் நீரிலுள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) தின்று தீர்த்து நாற்றம் கிளம்பிவிடும். அதற்குள் அந்தச் சுத்திகரிக்காத நீரைச் செடியின் வேர்ப்பக்கம் மண்ணுக்கடியில் விடலாம், அதுவும் சோப்புத்தூளில் சோடியமும் போரானும் குறைவாக இருந்தால். கசடு படிய விட்டு, மணலிலோ நாணல் படுகையிலோ வடித்து, கிருமி நீக்கியது வேறு சரக்கு: தொட்டியில் வைத்துக்கொள்ளலாம், கழிப்பறை ஃப்ளஷுக்கு விடலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் குழாயில் ஒட்டுகிற சீட்டில் என்ன எழுதுவது?

சுத்திகரித்த நீருக்கு முந்தைய மடலில் வந்த ‘தெளிநீர்’ காதுக்கு இனிமைதான். ஆனால் அதைப் படிக்கிற குழந்தை டம்ளரை நீட்டிவிடும். ‘மீள்நீர்’ என்று வைத்து, கீழே ‘குடிக்கக் கூடாது’ என்றும் எழுதலாம் என்பது என் யோசனை. எழுத்து குறைவு, சின்னச் சீட்டிலும் அடங்கும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘சாம்பல் நீர்’ கட்சிக்காரர்கள் மட்டும் அனல்மின் நிலையத்துக்கு ஒரு மாற்றுச் சொல்லோடு வரவும்.