அவசரம்: டிஎல்சி படலம் உரிஞ்சு வருது

கரித்துகள்:
எஃகு மேல டிஎல்சி (வைரம் மாதிரி கடினமான கார்பன் படலம்) போட்டேன். வெற்றிட சேம்பர்ல இருந்து எடுத்தப்போ பளபளன்னு கறுப்பா இருந்துச்சு. மறுநாள் பார்த்தா புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு எழும்பி, செதிலா உதிருது. பயாஸ் (படலம் போடறப்போ எஃகுக்குக் கொடுக்கிற மின்னழுத்தம்) கூட்டணுமா, குறைக்கணுமா?

வெற்றிடன்:
எந்த எஃகு? தடிமன்? எந்த வாயு? இடைப்படலம் உண்டா?

பழையபம்பு:
சுத்தம் பத்தலை, வேற ஒண்ணுமில்லை. அசிட்டோன், அப்புறம் ஐசோபுரோப்பனால், அல்ட்ராசோனிக்ல தலா 10 நிமிஷம். வெறுங்கையால தொடாதீங்க.

அணுக்கோவை:
அந்தத் தடத்தைப் பார்த்ததுமே அமுக்கத் தகைவு (படலத்துக்குள்ளேயே இருக்கிற நெருக்கு விசை)ன்னு தெரிய வேண்டாமா? டிஎல்சியில அது சில கிகாபாஸ்கல் வரும். உரிக்கிற ஆற்றல் தடிமனோட நேரா ஏறும், தகைவோட வர்க்கமா ஏறும். பக்கத்துல மெல்லிய சிலிக்கான் துண்டு வெச்சு, வளைவை அளந்து, அதுல இருந்து தகைவைக் கணக்கிடற ஸ்டோனி சமன்பாட்டுல போட்டுட்டு வாங்க. பயாஸ் பேச்சு அப்புறம்.

பழையபம்பு:
தகைவுதான்னா அதே படலம் சிலிக்கான்ல மட்டும் ஏன் நிக்குது?

வெற்றிடன்:
சிலிக்கான் கார்பனோட பிணையும். இரும்பு கார்பனைக் கரைச்சுக்கும், உறுதியான பிணைப்பு கிடைக்காது. அதனால ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி.

கரித்துகள்:
304 ஸ்டெயின்லெஸ். 2 மைக்ரான். அசிட்டிலின், நேரா எஃகு மேல. ராமன் (லேசர் ஒளிச்சிதறல் சோதனை) நல்லா வந்துச்சு, எஸ்பி3 (வைர வகைப் பிணைப்பு) 60%.

அணுக்கோவை:
எந்த லேசர்? 514 நானோமீட்டர்னா அது பெரும்பாலும் எஸ்பி2-வைத்தான் (கிராஃபைட் வகைப் பிணைப்பு) பார்க்கும். அதுல சதவீதம் எடுக்கறது ஜோசியம்.

அலைநீளன்:
ராமன் வரைபடத்துல ஜி உச்சியோட இடம், டி, ஜி ரெண்டு உச்சிகளோட விகிதம் வெச்சுப் போக்கைச் சொல்லலாமே.

அணுக்கோவை:
போக்கு வேற, 60% வேற. ஈல்ஸ் (எலக்ட்ரான் ஆற்றல் இழப்பு அளவீடு) எடுத்தாரான்னு கேளுங்க.

வெற்றிடன்:
ராமன் சண்டைக்கு வேற இழை திறங்க. கரித்துகள், 304 மேல குரோமியம் ஆக்சைடு இருக்கும். ஆர்கான் பிளாஸ்மாவுல −500 வோல்ட், அரை மணி அரிங்க. பிளாஸ்மாவை அணைக்காம டெட்ராமெத்தில்சிலேன் விட்டு 150 நானோமீட்டர் சிலிக்கான் கலந்த படலம் போடுங்க. நடுவுல அணைச்சா மிச்ச நீராவி திரும்பவும் ஆக்சைடு கட்டிடும். பிறகு டெட்ராமெத்தில்சிலேனைக் குறைச்சுக்கிட்டே அசிட்டிலினை ஏத்துங்க. மொத்தம் 1 மைக்ரானுக்குள்ள நிறுத்துங்க.

அலைநீளன்:
ஒட்டுதலுக்கு ராக்வெல் கடினத்தன்மைக் கருவியால குத்தி, சுத்தி உரியுதான்னு பாருங்க.

வெற்றிடன்:
304 அதுக்கு ரொம்ப மெத்து, அடியே அமுங்கிடும். ஸ்கிராட்ச் டெஸ்ட்தான், சுமையை ஏத்திக்கிட்டே கீறி எப்போ உரியுதுன்னு பார்க்கறது.

கரித்துகள்:
0.8 மைக்ரான் போட்டேன், நிக்குது. நன்றி.

வெற்றிடன்:
எத்தனை நியூட்டன்ல உரிஞ்சது?