விடாமல் நிற்பவர்களும் பாதியில் விடுபவர்களும்: காரணம் மனதிலா, வீட்டிலா?

காட்பாடி வாத்தியார்:

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, டிஎன்பிஎஸ்சி எழுதும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். குரூப் 4 முடிவு வந்ததும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். கொஞ்சம் பேர் மறுவாரமே பழைய வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள், கொஞ்சம் பேர் போனைக்கூட எடுப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, சில சமயம் விட்டுப் போனவன்தான் கூடுதலாக வாங்கியிருப்பான்.

யாரிடம் கேட்டாலும் குடும்பச் சூழ்நிலை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் கார் விபத்து, முதுகுத்தண்டில் அடி, இரண்டு கால்களும் போய்விட்டன, முகத்திலும் பலத்த காயம். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறையை இங்கே நிறுத்திக் காட்டினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது, 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதைவிட மோசமான சூழ்நிலை யாருக்கு வரப்போகிறது? நிற்கிறவனுக்கு உள்ளே ஒரு பிடிவாதம் இருக்கிறது, அது இல்லாதவன் காரணம் தேடிக்கொள்கிறான் என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பேரணாம்பட்டு மகள்:

வணக்கம் சார். மேரி வர்கீஸ் அம்மாவை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் நீங்கள் சொன்னது கதையில் பாதி. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்ய முடியும் என்று வழிகாட்டிக் கற்றுக்கொடுக்க டாக்டர் பால் பிராண்ட் அங்கே இருந்தார். சிகிச்சைக்கு ஆஸ்திரேலியா, படிப்புக்கு அமெரிக்கா என்று அனுப்பி வைக்க ஆட்கள் இருந்தார்கள், திரும்பி வந்தபோது இந்தா உன் வேலை என்று கொடுக்க ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. இதனால் அவர் மன உறுதி குறைந்துவிடாது. அந்த உறுதி ஊன்றிக்கொள்ள ஒரு தரை இருந்தது என்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றுவார். மடியில் முறம், அதில் ஒரு பக்கம் நனைத்த இலை, நடுவில் தூள், ஓரத்தில் நூல்கண்டு. நான் எதிரே உட்கார்ந்து, அளவுத் தகரத்தை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டிக்கொண்டே பொது அறிவுக் கேள்விகளைச் சத்தமாகப் படிப்பேன். பல கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொல்லுவார், கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது. இலை காய்ந்துபோகும் என்பதால் நடுவில் எழுந்திருக்க முடியாது. கணக்குப் போட நான் நோட்டைத் திறந்தால் வெட்டுவது நிற்கும், வெட்டுவது நின்றால் அம்மா கை நிற்கும், அன்றைக்கு ஆயிரம் பீடி தேறாது, சனிக்கிழமை கூலி குறையும். அந்த வீட்டில் ஒரு பெண் இன்னும் ஒரு வருடம் படிக்கிறேன் என்று சொன்னால் என்ன விலை என்று சொல்லுங்கள். அதே வருடத்தை ஒரு அரசு ஊழியரின் பையன் கேட்டால் அப்பா கொஞ்சம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். இரண்டு பேரும் தோற்றுவிட்டுத் திரும்பி வந்தால் நீங்கள் இருவருக்கும் ஒரே பேர் வைப்பீர்கள். வராமல் போனால் காரணம் தேடுகிறாள் என்பீர்கள். எனக்கு அது கோபமாகத்தான் வருகிறது சார், மன்னிக்க வேண்டும்.

வாலாஜாக்காரன்:

அக்கா சொல்வது நியாயம்தான், ஆனால் ஏழ்மை மட்டும் காரணம் என்றால் கம்மவான்பேட்டையை என்ன சொல்வது? கணியம்பாடி பக்கம் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர், வீட்டுக்கு ஒருவர் என்கிற கணக்கில் ராணுவத்துக்குப் போகிறார்கள். விடியும் முன்னே பையன்கள் ரோட்டில் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு மதிப்பெண், முதல் ஆள்சேர்ப்பில் தோற்றுப்போனவன் அடுத்ததற்கும் ஓடுகிறான். அங்கே எல்லா வீட்டிலும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. வாத்தியார் சார் பக்கம்தான் நான்.

சத்துவாச்சாரி இரும்பு:

வாலாஜா அண்ணா, நீங்கள் சொன்ன உதாரணம் வாத்தியார் சார் கட்சிக்கே எதிராகப் போகிறது. ஒரு ஊரே விடாமல் ஓடுகிறது என்றால் அந்த ஊரில் மட்டும் பிடிவாதக்காரர்களாகப் பிறக்கிறார்களா? அங்கே ஓடுகிற பையனுக்கு மாமா ராணுவத்தில், பெரியப்பா ராணுவத்தில், எதிர்வீட்டு அண்ணன் போன வருடம் போனவன். முடியும் என்பதை அவன் தினமும் வாசலில் பார்க்கிறான். தோற்றால் எங்கே தோற்றோம் என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. மூச்சை எப்படி விடுவது, கடைசிச் சுற்றில் எங்கிருந்து வேகம் எடுப்பது என்பதெல்லாம் அந்தத் தெருவில் சும்மா கிடைக்கிறது.

எங்கள் சத்துவாச்சாரியும் அப்படித்தான், இங்கே பளு தூக்குவது பரம்பரையாக வருகிறது. சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். தொடையில் காயம்பட்டு, பதக்கம் கிடைக்குமா என்ற சந்தேகத்தோடு போய் 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர், முன்னாள் ராணுவ வீரர். காயம்பட்ட வருடத்தில் போதும்டா என்று சொல்லாத ஒரு வீடு அது.

நானும் பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வருகிற பையனுக்கு முதல் மாதம் எடையைக் கூட்டவே விடமாட்டேன், வெறும் கம்பியில் நிற்கும் முறை, உட்காரும் முறை மட்டும்தான். அப்புறம் இரண்டு பக்கமும் சின்னத் தட்டு, ஒரு கிலோ, இரண்டு கிலோ. ஒவ்வொரு வாரமும் அவன் பேருக்கு எதிரே சுவரில் எண் ஏறும். போன வாரம் முடியாதது இந்த வாரம் முடிந்தது என்று அவன் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பையன் பிறகு மூன்று மாதம் எண் ஏறாமல் நின்றாலும் போக மாட்டான். முதல் வாரமே பெரிய எடையைத் தூக்கிப் பார்த்துக் கீழே போட்டவன், எவ்வளவு முரடனாக இருந்தாலும், பத்து நாளில் வருவதை நிறுத்திவிடுவான். குணம் என்று நாம் சொல்வதில் பாதி, எந்த வரிசையில் பழக்கினோம் என்பதில் இருக்கிறது.

பாகாயம் மாணவி:

இரும்பு அண்ணா சொன்னதற்கு ஆய்வே இருக்கிறது. 1967-ல் செலிக்மேன், மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கொடூரமான சோதனைதான், இன்றைக்கு அனுமதிப்பார்களா என்பது வேறு பேச்சு. என்ன செய்தாலும் நிற்காத மின் அதிர்ச்சியை முதலில் அனுபவித்த நாய்களில் பெரும்பாலானவை, அடுத்த நாள் சின்னத் தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் படுத்துக் கிடந்தன. முயன்று பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பதுதான் அப்போது சொன்ன விளக்கம். ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் அந்த விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பம் வந்தால் முடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான பதில், அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. நாம் செய்தால் மாறும் என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது, அதைக் கற்ற மூளை முன்பகுதியிலிருந்து அந்த முடக்கத்தை அடக்குகிறது என்றார்கள். முதலில் தப்பிக்க வழியுள்ள அதிர்ச்சியைப் பழகிய நாய்கள் பின்னால் அவ்வளவு எளிதில் முடங்கவில்லை. அண்ணாவின் சின்னத் தட்டு அந்த வேலையைத்தான் செய்கிறது.

பேரணாம்பட்டு அக்கா சொன்னதற்கும் ஒன்று உண்டு, அதுவும் நம் பக்கத்து ஆய்வு. 2013-ல் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காடுதானே. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து பணம் கைக்கு வரும் வரை அடகும் கடனுமாக ஓடும் வாழ்க்கை. அந்த நாட்களில் வடிவங்களை ஒப்பிடும் புதிர்களில் அவர்கள் குறைவாகவும், பணம் வந்த பிறகு கூடுதலாகவும் மதிப்பெண் எடுத்தார்கள். விவசாயியும் மாறவில்லை, அவர் மூளையும் மாறவில்லை, கையில் காசு மட்டும்தான் மாறியிருந்தது.

காட்பாடி வாத்தியார்:

மாணவி மகளே, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் புதிர் போடுவது வேறு, தோற்ற பிறகு திரும்ப வருவது வேறு. அந்த விவசாயிகள் யாரும் விவசாயத்தை விட்டு ஓடியதாக நீ சொல்லவில்லை. காசில்லாத மாதத்தில் மதிப்பெண் குறைந்தவர் அடுத்த பட்டத்துக்கும் கரும்பு நட்டிருப்பார். அதைத்தான் நான் விடாமுயற்சி என்கிறேன்.

அப்புறம் அந்த நாய்கள். பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன என்றாய். நானும் படித்திருக்கிறேன், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு படுக்கவில்லை. அதே கூண்டு, அதே அதிர்ச்சி, அவை மட்டும் தாண்டின. ஏன்? 2016-ல் இங்கிலாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றும் வந்தது. முயற்சியில் நிலைத்திருக்கும் குணத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சுமார் 37 சதவீதத்துக்குப் பரம்பரை காரணம் என்று கண்டார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தது அந்தக் குணத்தில் பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. நான் சொந்தக் கண்ணால் பார்த்ததும் அதுதான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கூரை, ஒரே கஞ்சி. அக்கா நிற்கிறாள், தம்பி போய்விடுகிறான். வீட்டைக் காரணம் சொல்பவர்கள் இந்த இருவரையும் எப்படி விளக்குவார்கள்?

பாகாயம் மாணவி:

சார், அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குணத்தை அளந்து பார்த்து, பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் அது எவ்வளவு சேர்க்கிறது என்று கணக்கிட்டால், வழக்கமான ஆளுமை அளவுகளைக் கழித்த பிறகு மிச்சம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது. குணம் பிறப்பில் கொஞ்சம் வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதை வைத்து எதைத் தீர்மானிக்கிறோம் என்பதில்தான் என் சண்டை.

குடியாத்தம் நாடா:

எல்லோரும் விடாமல் நிற்பதுதான் நல்லது என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுகிறீர்கள். எங்கள் அப்பா கைத்தறியை விடவில்லை. விசைத்தறி வந்து பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாறிய பிறகும் பாவு போட்டார், லுங்கி நெய்தார், கடன் ஏறியது. ஊரில் அவரை உழைப்பாளி என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் அவரை இன்னும் பத்து வருடம் தறிக்குழியில் உட்கார வைத்தது என்று நான் நம்புகிறேன். என் அண்ணன் சீக்கிரமே விட்டுவிட்டு ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனான். வீட்டைக் காப்பாற்றியது அவன்தான். ஆனால் சொந்தக்காரர்கள் வாயில் இன்னும் அவன்தான் பாதியில் விட்டவன்.

குரூப் 4 கணக்கைப் பாருங்கள். 2024 அறிவிப்பில் 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். பின்னால் இடத்தைக் கூட்டினார்கள், அப்போதும் இருநூறு பேருக்கு மேல் ஒருவருக்குத்தான் வேலை. மிச்சம் அத்தனை பேரும் விடாமல் நின்றால் என்ன ஆகும்? அதே எண்ணிக்கையில்தான் வேலை, வயது மட்டும் ஏறும். கிரிகோரி மில்லர், கார்ஸ்டன் ரோஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதின்ம வயதுப் பெண்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். எட்ட முடியாத இலக்கை விட முடியாமல் தவித்தவர்களுக்கு உடலில் அழற்சியைக் காட்டும் ரத்த அளவு ஏறியிருந்தது. 2007-ல் வெளியிட்டார்கள். விடத் தெரிவதும் ஒரு திறமை. வாத்தியார் சார், போனை எடுக்காத அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் சரியான முடிவு எடுத்தார்கள் என்று நீங்கள் விசாரித்ததுண்டா?

வாலாஜாக்காரன்:

இது நல்ல கேள்வி. ஆனால் எப்போது விடலாம் என்று யார் சொல்வது? ஒவ்வொருவனும் முதல் தோல்வியிலேயே இது எட்டாத இலக்கு என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடலாமே.

குடியாத்தம் நாடா:

போகலாம் தம்பி, சிலர் போவார்கள். அதற்காக எல்லோரையும் பத்து வருடம் கட்டிப்போட முடியாது. எழுதும் முன்பே ஒரு எல்லை வைத்துக்கொள் என்பேன். இத்தனை முறை, இவ்வளவு செலவு, அதற்குள் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தால் தொடர், ஏறாவிட்டால் அடுத்த வேலையைப் பார். இரும்புத் தம்பியின் சுவர் எண் மாதிரிதான், அது நிற்கச் சொல்லவும் பயன்படும், போகச் சொல்லவும் பயன்படும்.

பேரணாம்பட்டு மகள்:

நாடா அண்ணா சொல்வது ஆண்களுக்குச் சரி. பெண்ணுக்கு எல்லை வைப்பது அவள் இல்லை, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் அதுதான் எல்லை. வாத்தியார் சார் கேட்ட அக்கா தம்பி கேள்விக்கும் என்னிடம் பதில் உண்டு. ஒரே கூரைக்குக் கீழே அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே வீடு அமைவதில்லை. என் தம்பி பத்தாவதில் தோற்றபோது ஊரே வந்து ஆறுதல் சொன்னது, டுடோரியலில் சேர்த்தார்கள். நான் தோற்றிருந்தால் முறம் மட்டும்தான். அது தெரிந்ததால்தான் நான் விடவில்லை, பிறவிக் குணத்தால் இல்லை. அவன் விட்டதற்கும் காரணம் அதேதான், விட்டாலும் அவனைத் தாங்க ஆள் இருந்தது. ஆக, தாங்க ஆள் இருந்தால் நிற்பார்கள் என்று மேலே நான் எழுதியது முழுப் பதில் ஆகாது. சிலர் வேறு வழியே இல்லாததாலும் நிற்கிறார்கள், அதை யாரும் விடாமுயற்சி என்று கொண்டாட வேண்டாம், அது வலிக்கிற விஷயம்.

ஒரு வேலை இருக்கிறது. பரம்பரை 37 சதவீதமோ என்னமோ, அதை நாம் யாரும் மாற்றப் போவதில்லை. நான் போகும் நூலகத்தில் இரவு மூடும் நேரத்தில் விளக்கை அணைக்கும்போது இன்னும் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் பாதி பேர் பகலில் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், வீட்டில் படிக்க இடம் இல்லாதவர்கள். இரவு இன்னும் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லி, பெண்கள் திரும்பிப் போக அந்த நேரத்துக்கு ஒரு டவுன் பஸ்ஸும் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்து போடுகிறவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி இரும்பு:

என் பையன்களும் போடுவார்கள் அக்கா. ஞாயிறு காலை தாளைக் கொண்டு வாருங்கள்.

காட்பாடி வாத்தியார்:

என் பெயரையும் சேர்த்துக்கொள் அம்மா, என்னிடம் படிக்கிற பிள்ளைகளையும் கையெழுத்து போடச் சொல்கிறேன். நாடா கேட்டது போல, போனை எடுக்காதவர்களின் வீடுகளுக்கும் இந்த வாரம் நேரிலேயே போய் விசாரிக்கிறேன். ஆனால் என் கட்சியை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த இரண்டு மணி நேரமும் பஸ்ஸும் எல்லோருக்கும் கிடைத்த பிறகு யார் வந்து உட்காருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்த்தால்தான் நான் கேட்ட கேள்வியைச் சரியாகக் கேட்கவே முடியும்.