மின்னஞ்சல் முகவரியைச் சேமிக்காமல் கடவுச்சொல் மீட்பு: செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கான ஆலோசனைச் செயலி ஒன்றில் வேலை பார்த்தேன். பெயர் கேட்கக் கூடாது, தொலைபேசி எண் கேட்கக் கூடாது, ஆனால் கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தர வேண்டும் என்பது நிபந்தனை. மின்னஞ்சலை அப்படியே சேமித்தால், தரவுத்தளம் களவு போகும் நாளில் யார் யார் வந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

மீட்புக்கு முகவரி நம் கைவசம் இருக்க வேண்டியதே இல்லை. மறந்தவர்தான் அதைத் தட்டச்சு செய்யப்போகிறாரே! அதை ஹேஷ் செய்து, அதாவது திருப்பி மாற்ற முடியாத ஒரு குறியீடாக்கி, பதிவின்போது சேமித்த ஹேஷுடன் ஒப்பிட்டு, பொருந்தினால் அவர் தந்த முகவரிக்கே இணைப்பை அனுப்பினோம்.

வெறும் ஹேஷ் போதாது. பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து ஜிமெயில் முகவரிகளைக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பது மலிவான வேலை. மின்னஞ்சலை வைத்துப் பயனரின் படத்தைக் காட்டும் கிராவதார் சேவையின் எம்டி5 என்ற வகை ஹேஷ்களிலிருந்து பலருடைய முகவரிகளை அப்படித்தான் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஆளுக்கொரு சால்ட் (ஹேஷ் செய்யுமுன் கலக்கும் தற்செயல் எழுத்துக்கோவை) சேர்க்கலாமென்றால், யாருடைய சால்ட்டை எடுப்பது என்று தெரியாமல் எல்லாக் கணக்குகளையும் துழாவ வேண்டும். கடைசியில் ரகசியச் சாவியையும் கலந்து ஹேஷ் செய்யும் எச்மேக் முறைதான் கைகொடுத்தது. சாவி தரவுத்தளத்துக்கு வெளியே இருக்கும்.

தொல்லை கொடுத்தது கைப்பேசி விசைப்பலகை. முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கி, கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டிவிடும். ஹேஷ் அடியோடு மாறிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சீராக்கிய பிறகே புகார் நின்றது. பண்டிகை வாழ்த்து அனுப்ப முடியவில்லை என்று விளம்பரப் பிரிவுக்கு மட்டும் வருத்தம். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

---

நண்பரே, உள்ளறையைப் பூட்டிவிட்டீர்கள், வாசல்? 2015இல், மணமானவர்கள் ரகசிய உறவு தேடும் ஆஷ்லி மேடிசன் தளத்தின் மீட்புப் பக்கம் எந்த முகவரிக்கும் ஒரே வாசகத்தைத்தான் காட்டியது. ஆனால் கணக்கு உள்ள முகவரிக்கும் இல்லாததற்கும் பக்கம் வேறுபட்டது: ஒன்றில் முகவரிப் பெட்டி இருந்தது, மற்றதில் இல்லை. கணவரின் முகவரியைப் போட்டு, அவருக்குக் கணக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மனைவிக்கு அது போதும்.

நாங்கள் பார்த்த தளத்தில் வாசகமும் பக்கமும் அச்சாக ஒன்றுதான். நேரம் காட்டிக்கொடுத்தது. கணக்கு இல்லையென்றால் பதில் உடனே வந்தது. இருந்தால், அஞ்சல் போய்ச்சேரும்வரை பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அனுப்பும் வேலையைப் பின்னணி வரிசைக்கு மாற்றினோம். அதன் பிறகு பார்த்தால், பதிவுப் பக்கம் 'இம்முகவரியில் ஏற்கனவே கணக்கு உள்ளது' என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தது!

---

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. உங்களுக்காக அஞ்சல் அனுப்பும் சேவை, பெறுநர் முகவரியைத் தன் பதிவேட்டில் வைத்திருக்குமே? எங்கள் தணிக்கையில் முகவரிகள் அங்கேதான் கொத்தாகக் கிடைத்தன. சர்வர் பதிவுகளிலும் (லாக்) இருந்தன, ஏனென்றால் மீட்பு இணைப்பிலேயே முகவரியைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

---

சர்வர் பதிவுகளில் முகவரியை மறைத்துவிட்டோம். அஞ்சல் சேவையின் பதிவேட்டை விரைவில் அழிக்கும்படி அமைத்தோம்; ஆனாலும் அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கடிதங்கள் ஸ்பாம் பெட்டிக்குப் போகாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?