ஆலன் ரிக்மன் விழுந்தது ஒன்றிலா, இரண்டிலா?

ரெண்டாம் ஆட்டம்:
பிரிட்டிஷ் நடிகர் ஆலன் ரிக்மன் போய்ப் பத்து வருடம் ஆகிறது என்று பக்கத்து இழையில் அஞ்சலி ஓடுகிறது. 2016 போகியன்று சாயங்காலம் வந்த செய்தி. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் பாடகர் டேவிட் போவி போயிருந்தார். இருவருக்கும் வயது 69, இருவருக்கும் புற்றுநோய், இருவரும் லண்டன்காரர்கள். நினைத்துப் பார்க்க வேண்டிய மனிதர்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அங்கே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "டை ஹார்ட் படத்தின் கடைசியில் வில்லன் ஹான்ஸாகக் கட்டடத்திலிருந்து விழும்போது அவர் முகத்தில் தெரிவது நடிப்பே இல்லை. மூன்று எண்ணி விடுவோம் என்று சொல்லிவிட்டு இரண்டிலேயே விட்டுவிட்டார்கள். மனிதர் நிஜமாகவே பயந்தார், கேமரா பிடித்துக்கொண்டது" என்கிறார்.

முதலில், இரண்டில் இல்லை. ஒன்றில். இதுகூடத் தெரியாதவர்கள் நடிப்பைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வந்துவிட்டார்கள்.

அரை டிக்கெட்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாமே சார், எதற்கு "ஒருவர்"? இரண்டில்தான் விட்டார்கள். ஒன்றோ இரண்டோ, விஷயம் அதுவா? அவருக்குத் தெரியாமல் விட்டார்கள். என்னை மொட்டை மாடியிலிருந்து திடீரென்று தள்ளினாலும் அதே முகம்தான் வரும். எனக்கு பாஃப்டா விருது கொடுப்பார்களா?

ரெண்டாம் ஆட்டம்:
டை ஹார்டுக்கு அவருக்கு பாஃப்டா கொடுக்கவில்லை. 1991இல் வந்த ராபின் ஹூட் படத்தில் நாட்டிங்ஹாம் ஷெரிஃபாக வந்ததற்குத்தான் கொடுத்தார்கள். தகவலைச் சரிபார்த்துவிட்டு மாடிக்கு ஏறுங்கள்.

அப்புறம், ஒன்றில்.

கொட்டகைப் பூனை:
பெயரிலேயே "ரெண்டு" வைத்துக்கொண்டு ஒன்று ஒன்று என்கிறாரே இவர்.

ஒன்பதேமுக்கால்:
இந்தச் சண்டை எதற்கு என்றே புரியவில்லை. உலகத்தில் பாதிப் பேருக்கு அவர் ஹாரி பாட்டர் படங்களில் வரும் ஆசிரியர் ஸ்னேப். 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்கள். கழுத்து வரை பொத்தான் போட்ட அதே கறுப்பு உடை, அதே எண்ணெய் வழியும் தலைமுடி. கடைசிப் புத்தகம் வருவதற்குப் பல வருடம் முன்பே அதை எழுதிய ரௌலிங் அவரிடம் மட்டும் ஒரு சின்ன ரகசியத்தைச் சொல்லியிருந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு, இயக்குநர்களுக்குக்கூடச் சொல்லாமல் நடித்தார். அவர் இறந்த அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் கதையில் வரும் ஒன்பதேமுக்கால் பிளாட்பாரப் பலகைக்குக் கீழே பூ வைத்தார்களே, டை ஹார்டுக்காகவா வைத்தார்கள்?

ரெண்டாம் ஆட்டம்:
வந்துவிட்டார் மந்திரக்கோலோடு. தம்பி, டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு ரிக்மனைப் பற்றிப் பேசுகிற தலைமுறை நீங்கள். அந்த மனிதரிடம் பாதி சொத்தே குரல்தான். ஒரு சொல்லை இழுத்து, நடுவில் நிறுத்தி, எதிரில் இருப்பவன் வியர்த்த பிறகு மீதியைச் சொல்வாரே, அது டப்பிங்கில் எங்கே வரும்?

ஒன்பதேமுக்கால்:
நான் ஆங்கிலத்தில்தான் பார்த்தேன். என்னைத் தெரியாமலே எப்படி டப்பிங் என்று முடிவு கட்டினீர்கள்? போன வருடம் நடிகை மேகி ஸ்மித் இழையிலும் என்னிடம் இதையேதான் சொன்னீர்கள்.

ரெண்டாம் ஆட்டம்:
அந்த இழையில் உங்கள் பதிவுக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிக்மன் முதலில் படித்தது ஓவியமும் வடிவமைப்பும். நண்பர்களோடு சேர்ந்து டிசைன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவர், 26 வயதில் அதை விட்டுவிட்டு ராடா நாடகப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் கம்பெனியில் 'லே லியேசோன் டாஞ்செரூஸ்' நாடகத்தில் வால்மோன்ட் வேடம் கட்டி, பிராட்வே வரை போய், டோனி விருதுக்குப் பரிந்துரையானார். அதையே சினிமாவாக எடுத்தபோது வேடம் ஜான் மால்கோவிச்சுக்குப் போனது. அதே 1988இல் டை ஹார்ட் வந்தது. முதல் சினிமா, வயது 42. தீவிரவாதி என்றால் அழுக்கு உடையும் குண்டு மாலையுமா என்று கேட்டு, கோட்டு சூட்டு போட்டால் என்ன என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான். இப்படி ஒவ்வொரு நூலையும் யோசித்து நெய்த ஆளை "பயந்தார், பிடித்துக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் கழுவி ஊற்றுகிறார் அரை டிக்கெட்.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உடைந்த ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறார். பிடித்திருப்பது நாயகன் மெக்லேனின் மனைவி ஹாலியின் கைக்கடிகாரத்தை. அந்த நிலைமையிலும் துப்பாக்கியை மெல்லத் தூக்குகிறார், திமிர் இன்னும் இறங்கவில்லை. மெக்லேன் கடிகாரத்தின் கொக்கியைக் கழற்றுகிறான். அப்புறம்தான் விழுகிறார். கண் விரிகிறது, வாய் திறக்கிறது, இவ்வளவு நேரம் உலகமே தனக்குக் கீழே என்று இருந்தவனுக்குக் கீழே தரை இருப்பது தெரிகிறது. அந்தத் திமிரைப் படம் முழுக்கக் கட்டி எழுப்பாமல் விட்டிருந்தால் இந்தப் பயத்தை யார் மதிப்பார்கள்?

அரை டிக்கெட்:
இவ்வளவு எழுதியும் என் கேள்விக்குப் பதில் இல்லை. கீழே காற்றுப்பை, பின்னால் திரை, மேலே கேமரா. மூன்றில் விடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். இரண்டில் விட்டார்கள். அந்த அரை நொடி நடிப்பா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

ரெண்டாம் ஆட்டம்:
ஒன்றில்.

கொட்டகைப் பூனை:
பாப்கார்ன் எங்கே?

மலைக்கோட்டை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ரிக்மன் என்றால் 1995இல் ஆங் லீ எடுத்த சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டிதான். கர்னல் பிராண்டனாக வாசலில் வந்து நின்று, பியானோ முன்னால் அந்தப் பெண் பாடுவதைக் கேட்பார். தொப்பியைப் பிடித்தபடி சும்மா நிற்பார், அவ்வளவுதான். அந்தக் கதையைத்தான் நம் ஊரில் ராஜீவ் மேனன் 2000இல் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் என்று எடுத்தார். பிராண்டன் இடத்தில் மம்மூட்டி, போரில் காலை இழந்த ராணுவக்காரராக. உண்மையைச் சொன்னால் மம்மூட்டி ஒரு படி மேல்.

ரெண்டாம் ஆட்டம்:
ஒரு படி மேலா? எந்தப் படி? மம்மூட்டிக்கு ஒரு கால் ஊனம், குடிப்பழக்கம், கோபம் என்று எல்லாமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரிக்மனுக்கு ஒரு வாசல்படிதான் கொடுத்தார்கள்.

மலைக்கோட்டை:
எழுதிக் கொடுத்ததைச் செய்து காட்டுவதுதானே நடிப்பு? உங்கள் கணக்கில் வசனம் அதிகம் இருந்தால் நடிப்பு குறைவா? மம்மூட்டி என்றாலே உங்களுக்கு ஏதோ ஆகிறது, தளபதி பற்றிய பேச்சிலும் பார்த்தேன்.

ரெண்டாம் ஆட்டம்:
தளபதியை இங்கே இழுக்காதீர்கள். அதற்குத் தனி இழை திறந்தால் வருகிறேன், ஆதாரத்தோடு வருகிறேன்.

ஒன்பதேமுக்கால்:
யாராவது ட்ரூலி மேட்லி டீப்லி பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தால் தளபதிக்குப் போய்விட்டீர்கள். இறந்த காதலன் ஆவியாகத் திரும்பி வருகிற கதை, ஆந்தனி மிங்கெல்லா எடுத்தது. ஜூலியட் ஸ்டீவன்சன் மூக்கு ஒழுக அழுவார். இவர் செல்லோவோடு வந்து நிற்பார். வந்த பிறகு என்ன செய்வார் தெரியுமா? குளிருகிறது என்று வீட்டு ஹீட்டரைக் கூட்டி வைப்பார், மற்ற ஆவிகளைக் கூட்டி வந்து விடிய விடிய வீடியோ பார்ப்பார். காதலிக்கு எரிச்சல் வரும். அவளைத் தன்னிடமிருந்து விடுவிக்கத்தான் இத்தனையும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், முகம் மட்டும் சொல்லும். டப்பிங்கில் பார்க்கவில்லை சார், கவலைப்படாதீர்கள்.

ரெண்டாம் ஆட்டம்:
நல்ல படம். ஸ்னேப்பைத் தவிர வேறு ஒன்றும் பார்த்திருக்கிறீர்கள் என்பதில் சந்தோஷம்.

ஒன்பதேமுக்கால்:
இதற்குப் பெயர் பாராட்டா?

அரை டிக்கெட்:
ஆம் அல்லது இல்லை என்று கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது?

ரெண்டாம் ஆட்டம்:
உங்களுக்காகவே இன்னொரு காட்சி. அதே டை ஹார்ட். நடுவில் ஹான்ஸ் தனியாக மெக்லேனிடம் மாட்டிக்கொள்கிறான். ஒரு நொடியில் தோள் ஒடுங்குகிறது, குரல் உடைகிறது, அமெரிக்க உச்சரிப்பில் "என்னைக் கொல்லாதே" என்று கெஞ்சுகிறான், பணயக்கைதி பில் கிளே என்று பெயர் சொல்கிறான். மெக்லேன் கொடுக்கிற சிகரெட்டையும் வாங்கிப் பிடிக்கிறான். ரிக்மனுக்கு அமெரிக்க உச்சரிப்பு வரும் என்று தெரிந்த பிறகு எழுதிச் சேர்த்த காட்சி இது. லண்டன்காரர் ஒருவர், அமெரிக்கனாக நடிக்கும் ஜெர்மானியனாக நடிக்கிறார். இங்கே யாரும் எதையும் எண்ணவில்லை, யாரும் அவரைத் தள்ளவில்லை. பயத்தை வேண்டியபோது வரவழைக்கத் தெரிந்தவரைத்தான் நீங்கள் ஏமாந்து பயந்தார் என்கிறீர்கள்.

அரை டிக்கெட்:
அது நடிப்பு, ஒப்புக்கொள்கிறேன், அதை யார் இல்லை என்றார்கள்? நான் கேட்டது விழுந்ததைப் பற்றி. கேள்வியை மாற்றிவிட்டு ஜெயித்ததாகக் கணக்கு எழுதாதீர்கள்.

கொட்டகைப் பூனை:
ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூட வாங்காமல் போய்ச் சேர்ந்தார் மனிதர். இங்கே ஒன்றா இரண்டா என்று அடித்துக்கொள்கிறோம்.

ரெண்டாம் ஆட்டம்:
ஆஸ்கர் யாருக்கு வேண்டும்? ரஷ்யச் சாமியார் ரஸ்புடினாக 1996இல் நடித்ததற்கு எம்மியும் கோல்டன் குளோபும் வாங்கினார். தொலைக்காட்சிப் படம் என்று யாரும் பார்க்கவில்லை, பேச மட்டும் வந்துவிடுகிறார்கள்.

மலைக்கோட்டை:
நான் பார்த்தேன். அதில் கொஞ்சம் ஓவர்தான்.

ரெண்டாம் ஆட்டம்:
ரஸ்புடின் ஓவராக இல்லாமல் எப்படி இருப்பான்? தலையாட்டிக்கொண்டு திருச்சி பஸ்சுக்கு நிற்பானா?

மலைக்கோட்டை:
ஊரை இழுக்காதீர்கள். நான் உங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதுவரவு:
வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். டை ஹார்ட் கிறிஸ்துமஸ் படம்தானே?

கொட்டகைப் பூனை:
ஐயோ.

ரெண்டாம் ஆட்டம்:
இல்லை. ஜூலையில் ரிலீஸ் ஆன படம்.

அரை டிக்கெட்:
கதை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. அப்புறம் அது என்ன, ஆடிப்பெருக்குப் படமா?