சமவலுச் சுற்றா, முனைநிகர் சுற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மின்சுற்றுக்குப் பதிலாக வைத்துக் கணக்கிடும் எளிய சுற்றை ஆங்கிலத்தில் equivalent circuit என்பார்கள். அதை முனைநிகர் சுற்று என்று சொல்லலாம் என்பது என் யோசனை. அதற்கு யாழ்ப்பாணத்து ஐயா நேற்றுக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். "சமவலு என்ற சொல் இருக்க, புதுச்சொல் எதற்கு?" நியாயமான கேள்வி. இலங்கையில் பிள்ளைகள் சிறு வகுப்பிலேயே சமவலுப் பின்னங்கள் படித்துவிடுகிறார்கள், கணக்குப் பாடத்தில் அது அழகாகப் பொருந்துகிறது. மின்சுற்றுக்கு வரும்போதுதான் இடிக்கிறது. அங்கே வலு என்றால் பவர் ஆயிற்றே, ஐயா. சமவலுச் சுற்று என்றதும் மாணவர் இரண்டு சுற்றிலும் வலு சமம் என்றுதானே எடுத்துக்கொள்வார்?

சமம் இல்லை. 12 வோல்ட் பேட்டரி, அதோடு தொடராக 6 ஓம், 3 ஓம் என்று இரண்டு தடைகள். 3 ஓமின் இரு முனைகளிலிருந்து வெளியே கம்பி எடுக்கிறோம். எதையும் இணைக்காதபோது அந்த முனைகளில் 4 வோல்ட் இருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வெறும் கம்பியை வைத்து உள்ளே பார்த்தால் 6-ம் 3-ம் பக்க இணைப்பாகி 2 ஓம். ஆக, ஒரு மின்னழுத்த மூலமும் தொடராக ஒரு தடையும் மட்டுமே கொண்ட தெவெனின் சுற்று: 4 வோல்ட், 2 ஓம். மின்னோட்ட மூலமும் அதற்குப் பக்க இணைப்பில் ஒரு தடையும் கொண்ட நார்ட்டன் வடிவில் 2 ஆம்பியர், 2 ஓம். இனி முனைகளில் எந்த லோடை, அதாவது மின்சாரத்தைப் பயன்படுத்தும் எந்தத் தடையை, மாட்டினாலும் அசலும் நகலும் அதற்கு ஒரே மின்னழுத்தம், ஒரே மின்னோட்டம்தான் தரும்.

உள்ளே நடப்பது வேறு. ஒன்றுமே மாட்டாதபோது தெவெனின் சுற்றில் செலவு சுழி. அசல் சுற்றிலோ 16 வாட் சும்மா சூடாகிப் போய்க்கொண்டிருக்கும். 2 ஓம் லோடை மாட்டினால் அதற்கு 2 வாட் கிடைக்கும், அதுதான் உச்சம். தெவெனின் சுற்றை வைத்துக் கணக்கிட்டால் மூலம் தருவது 4 வாட், பாதி போய்ச் சேர்கிறது. அசல் பேட்டரி தருவதோ 20 வாட். பத்தில் ஒரு பங்குதான் லோடுக்குப் போகிறது! உச்சத்தில் 50 சதவீதம் என்று ஒப்பித்த மாணவர் ஆய்வகத்தில் திகைத்து நிற்பது இங்கேதான்.

அதனால்தான் முனைநிகர் சுற்று என்கிறேன். முனையில் மட்டும் நிகர்க்கும் சுற்று. மெய்நிகர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் 'நிகர்' காதுக்குப் புதிதில்லை. இதை வினைத்தொகையாகக் கொண்டால் நடுவே ஒற்றும் மிகாது. தமிழ்நாட்டில் சொல்லும் 'சமானம்' தவறில்லை, ஆனால் எங்கே சமானம் என்று அது சொல்வதில்லை.

தெவெனின், நார்ட்டன் என்ற ஆட்பெயரை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. தெவெனின் 1883-இல் எழுதியதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே சொல்லிவிட்டார். நார்ட்டனும் ஜெர்மனியின் மாயரும் 1926-இல் தனித்தனியாக மின்னோட்ட வடிவத்துக்கு வந்தார்கள். அப்புறம், 'தெவெனின் தேற்றம்' என்று எழுதினால் தமிழில் அந்த 'இன்' வேற்றுமை உருபு போலத் தெரிகிறது. அவர் பெயர் தெவென் என்றே விடைத்தாளில் எழுதுகிறார்கள்.

இனி உச்சத் திறன் மாற்றம் (maximum power transfer), அதாவது லோடின் தடை மூலத்தின் அகத்தடைக்குச் சமமானால் லோடுக்கு அதிகபட்ச பவர் கிடைக்கும் என்ற தேற்றம். திறன் என்றால் தமிழ்நாட்டில் பவர். இலங்கையில் வினைத்திறன் என்றால் பேட்டரி தந்ததில் எவ்வளவு பயனானது என்ற விகிதம். தமிழ்நாட்டில் நாங்கள் அதைப் பயனுறு திறன் என்கிறோம். இந்தத் தேற்றத்தில் முதலில் பிரித்துக் காட்ட வேண்டியதே இந்த இரண்டையும்தான். லோடை 2 ஓமிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் தெவெனின் சுற்றில் விகிதம் ஏறும், பவர் இறங்கும். 'திறன்' என்ற சொல் இரண்டிலும் வந்து குழப்புவதால், பவருக்கு இந்த ஓரிடத்தில் இலங்கையின் 'வலு'வை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

'மாற்றம்' எனக்குப் பிடிக்கவில்லை. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது. கடத்தல் ஏற்கெனவே கடத்திக்குப் போய்விட்டது. ஊட்டம் என்றால் மின்னூட்டம் நினைவுக்கு வரும். 'பெறுகை' எப்படி? இந்தத் தேற்றத்தில் மூலம் மாறாது, லோடைத்தான் மாற்றிப் பார்க்கிறோம். லோடு மாறாமல் மூலத்தின் அகத்தடையை மாற்ற முடிந்தால் விடையே வேறு: அதை முடிந்தவரை குறைக்க வேண்டும், பொருத்தத் தேவையில்லை. பெறுபவர் பக்கம் நின்று பெயர் வைத்தால் அந்தக் குழப்பம் எழாது. உச்ச வலுப் பெறுகை.

லோடுக்குப் பளுவா சுமையா என்பதை அடுத்த இழையில் பேசலாம். ஐயா, உங்கள் மாணவர்களிடம் முனைநிகர் சுற்று என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். விளக்காமலே புரிகிறதா என்று எழுதுங்கள்.