கிரீட் தென்கரை: கார் எடுப்பதா, படகே போதுமா?

கேள்வி | காவேரிப்பட்டணம்_மாங்கா
செப்டம்பர் கடைசியில் வீட்டுக்காரரும் நானும் கிரீஸின் கிரீட் தீவுக்குப் போகிறோம். ஹானியாவில் இறங்கி 6 இரவு. கூட்டமான பீச் வேண்டாம், தென்கரைச் சிற்றூர்கள்தான் பார்க்கணும். சமாரியா பள்ளத்தாக்கும் நடக்கணும். கார் எடுக்கலாமா? நான் சுத்த சைவம்.

பதில் | ஓசூர்_கரையோரம்
சமாரியா நாளில் கார் வேண்டாங்க. நடை தொடங்கும் க்ஸிலோஸ்கலோ சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 16 கி.மீ. இறங்கினால் கடலோர அயா ரூமெலி. அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. மாலைப் படகில் கரையோர ஊர்களான ஸூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாக்கியனுக்கோதான் போக முடியும், கார் மலைமேலேயே நின்றுவிடும். ஹானியாவிலிருந்து காலை பஸ்ஸில் போங்க. வழியில் ஊற்றுகள் உண்டு, அரை லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டே நடக்கலாம். முழுக்க இறக்கம் என்பதால் மூச்சு வாங்காது, முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம். கனமழை என்றால் பள்ளத்தாக்கை மூடிவிடுவார்கள்.

லூத்ரோ என்ற தென்கரைச் சிற்றூருக்கும் படகு அல்லது நடைதான். காற்று பலமானால் படகு ஓடாது. அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஹானியாவில் இருங்க. இதில் மட்டும் துணிச்சல் காட்டாதீங்க.

பதில் | தர்மபுரி_ஸ்டியரிங்
மற்ற நாட்களுக்குக் கார் நல்லதுதான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம்ம ஆர்டிஓ ஆபீசிலேயே வாங்கலாம்: படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்கணும். ஹோரா ஸ்ஃபாக்கியனுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் தொப்பூர் கணவாய் ஓட்டியவருக்குப் பெரிசில்லை. சாலையில் வலப்பக்கம் ஓட்டுவதுதான் புதுசு. இடப்பக்கம் திரும்பும்போது பழக்கதோஷத்தில் எதிர்த்தடத்தில் ஏறிவிடுவோம், பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு, முன்கூட்டியே புக் பண்ணுங்க. பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண்பாதைக்கு வாடகை வண்டியைக் கொண்டுபோகாதீங்க. அடிப்பாகமும் டயரும் அடிபட்டால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் தராது.

பதில் | பென்னாகரம்_நடை
ஹோரா ஸ்ஃபாக்கியனிலிருந்து லூத்ரோவுக்குக் கரையோரப் பாதையில் சுமார் 2 மணி நேரம். நடுவில் க்ளிகா நேரா கடற்கரை: கூழாங்கல்லைக் கையால் தோண்டினாலே நன்னீர் ஊறும். அங்கே போகும் வழியில் கல் உருளும் சரிவு ஒன்று இருக்கிறது, மழை பெய்த கையோடு போக வேண்டாம். பாதையில் நிழலே கிடையாது, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். தண்ணீரில் இறங்க ரப்பர் செருப்பு வேணும்; பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும்.

சைவத்துக்குக் கவலையில்லை. தக்காளி, குடமிளகாயில் அரிசி அடைத்த யெமிஸ்தா, வேகவைத்த கீரையான ஹோர்தா, தேன் ஊற்றிய ஸ்ஃபாக்கியா சீஸ் பித்தா. யெமிஸ்தாவில் சில கடைகள் கொத்துக்கறி சேர்க்கும், "ஹோரிஸ் க்ரேயாஸ்" என்று கேளுங்க, இறைச்சி இல்லாமல் தருவார்கள். விரத உணவு என்று மட்டும் கேட்காதீங்க, கணவாய் மீனும் இறாலும் அவர்கள் விரதத்தில் சேர்த்தி.

காவேரிப்பட்டணம்_மாங்கா
அப்போ லூத்ரோவில் 2 இரவு தங்கினால், பெரிய பெட்டி?

ஓசூர்_கரையோரம்
கார் ஹோரா ஸ்ஃபாக்கியனில், பெட்டி காருக்குள், தோள்பை உங்களோடு. ரொக்கத்தை ஹானியாவிலேயே எடுத்துவிடுங்க.