விவாகரத்துக்குப் பிறகும் மாதாமாதம் தாபரிப்புக் காசு கிடைக்குமா? (நுவரெலியா மாவட்டம்)

லிந்துலை வாசகி கேட்கிறார் (பதில் சொல்பவர்கள் 'கோர்ட்டடி', 'சட்டமும் வாழ்வும்' என்ற பெயர்களில் எழுதுகிறார்கள்):

எங்க தேயிலைத் தோட்ட டிவிஷன்ல கொழுந்து எடுக்கிற ஒரு தங்கச்சிக்காகக் கேட்கிறேன். பதிவுத் திருமணம்தான், 9 வருஷம் ஆச்சு. பிள்ளைங்க ரெண்டு, 7 வயசும் 4 வயசும். புருஷன் நுவரெலியா டவுன்ல மரக்கறி லொறி ஓட்டுறார். ரெண்டு வருஷமா லயத்துப் (தோட்ட வரிசை வீட்டுப்) பக்கமே வரல, ஆறு மாசமா காசும் இல்ல. இப்ப நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்துல இருந்து டிவோஸ் கேஸுக்கு அழைப்பாணை வந்திருக்கு. அதுல இவதான் அவரை விட்டுட்டுப் போனதா எழுதியிருக்கு.

தோட்டத் தலைவர் சொல்றாரு, "ரெண்டு பேரும் விரும்பித்தான் பிரியிறோம்னு பொலிஸ்ல ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க, அலைச்சல் மிச்சம்"னு. பக்கத்து சிங்கள அக்கா ஒருத்தங்களுக்கு கோர்ட் வாசல் மிதிக்காமலே பிரதேச செயலகத்துல விவாகரத்து முடிஞ்சதாம், அது இவளுக்கும் சரிவருமா? டிவோஸ் ஆனபிறகும் இவளுக்கு மாசாமாசம் காசு வருமா, பிள்ளைங்களுக்கு மட்டுமா? இவ பேர் போடுற (தோட்டத்துல நாள் கணக்குல வேலை செஞ்சு சம்பளம் வாங்குற) ஆளா இருக்கிறதால ஒண்ணுமே கிடைக்காதுன்னும் சிலர் சொல்றாங்க.

கோர்ட்டடி:

முதல்ல அந்தக் கடிதம். எழுத வேண்டாம். எழுதி முடிஞ்சிருந்தா இன்னிக்கே சட்டத்தரணிக்கிட்ட காட்டுங்க.

ஏன்னா, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டம் வசதியிருந்தும் பராமரிக்காத புருஷன்கிட்ட மாதக் காசு வாங்க மனைவிக்கு வழி கொடுக்குது. ஆனா இருவரும் பரஸ்பர சம்மதத்தோட பிரிந்து வாழ்ந்தா மனைவிக்குக் கட்டளை போட முடியாதுன்னு அதே சட்டத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு. "விரும்பிப் பிரிகிறோம்"ங்கிற ஒரு வரி அந்த விதிவிலக்கைத் தட்டுல வெச்சு எதிர்த்தரப்புக்குக் கொடுத்த மாதிரி. விவாகரத்து வழக்குலயும் அடி விழும்: அவர்தான் கைவிட்டுப் போனார்னு இவ நிரூபிக்கணும், சம்மதத்தோட பிரிஞ்சா அது கைவிடல் ஆகாது. அந்தக் கடிதத்தால விவாகரத்தும் கிடைக்காது. பொலிஸ்லயோ தலைவர் வீட்டுலயோ எத்தனை பேர் கையெழுத்து வெச்சாலும் கல்யாணம் கல்யாணம்தான்.

பொலிசுக்குப் போறதுல தப்பில்ல. போனா "இந்தத் திகதியில இருந்து வீட்டுக்கு வரல, இந்த மாசத்துல இருந்து செலவுக்குத் தரல"ன்னு முறைப்பாடு போட்டு, அதோட இலக்கத்தையும் திகதியையும் வாங்கி வைங்க. பின்னால அது சாட்சி. அடி உதை நடந்திருந்தா 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல நீதவான்கிட்ட பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது வேற வழி, விவாகரத்து வழக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்ல.

பிரதேச செயலக விஷயம்: அது 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். கண்டியச் சிங்களவங்க அந்தச் சட்டத்துல கல்யாணம் பதிஞ்சிருந்தா, மாவட்டப் பதிவாளரே பரஸ்பர சம்மதத்துலகூட விவாகரத்து கொடுக்கலாம். நாம கண்டி மலையிலேயே பொறந்து வளர்ந்தாலும் அது நமக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டமும் மலையகத் தமிழருக்கு இல்ல. நமக்குப் பொதுச் சட்டம், அதாவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். இடம் மாவட்ட நீதிமன்றம் மட்டும்.

சட்டமும் வாழ்வும்:

கோர்ட்டடி சொன்னதோட உடன்படுறேன். வழக்குப் பக்கத்தை மட்டும் விரிச்சு எழுதுறேன்.

பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: திருமணத்துக்குப் பின் சோரம் (வேறொருவரோடு உடலுறவு), வன்மமாகக் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. "ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல" என்ற காரணம் இல்லை. அதனால்தான் கணவர், மனைவி கைவிட்டுப் போனதாக வழக்கு வைத்திருக்கிறார். வேறு வாசல் அவருக்கு இல்லை. கைவிடலுக்கு இத்தனை வருடம் என்ற கணக்கும் கிடையாது. போன நோக்கமும் போன செயலும் நிரூபிக்கப்பட்டால் போதும். அடித்து, அவமானப்படுத்தி, மனைவி தானே வெளியேறும் நிலையை உண்டாக்கினாலும் கைவிட்டவர் கணவரே.

இனி முக்கியமான விஷயம். விவாகரத்து முற்றானபின் இவர் சட்டப்படி மனைவி இல்லை. தாபரிப்புச் சட்டம் பேசுவது வாழ்க்கைத் துணையைப் பற்றி. ஆக, நீதவான் நீதிமன்றத்தில் மனைவி என்ற முறையில் வாங்கும் காசு அங்கே நின்றுவிடும், பிள்ளைகளுடையது தொடரும். விவாகரத்துக்குப் பிறகு இவருக்கென்று ஏதாவது வரவேண்டுமானால் அது மாவட்ட நீதிமன்றம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவின் கீழ் இடும் நிரந்தரத் தாபரிப்புக் கட்டளை. அது தீர்ப்பாணை வழங்கும்போது போடப்படுவது. கேட்காதவருக்கு நீதிமன்றம் தானாக எடுத்துத் தராது. அழைப்பாணைத் திகதிக்குப் போகாமல் விட்டால் வழக்கு ஒருதரப்பாக விளங்கப்பட்டு, "மனைவி கைவிட்டார்" என்றே தீர்ப்பாகி, தாபரிப்புப் பேச்சே இல்லாமல் முடிந்துவிடும். தோட்டப் பகுதியில் பலருக்கு நடப்பது இதுதான். "அவரே கேஸ் போட்டிருக்கார், நடந்துட்டுப் போகட்டும்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

செய்யவேண்டிய வரிசை இது. அழைப்பாணையில் உள்ள திகதிக்குச் சட்டத்தரணி ஒருவருக்கு பிரொக்சி (தனக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்திட்டு, விடை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்யத் தவணை கேட்கவேண்டும். விடையில் மூன்று விஷயம் தவறாமல் வரவேண்டும்: கைவிட்டதை மறுப்பது, கைவிட்டவர் அவரே என்று சொல்லி எதிர்க்கோரிக்கையாகத் தானே விவாகரத்துக் கேட்பது (அல்லது வழக்கைத் தள்ளும்படி கேட்பது), பிள்ளைகளின் பாதுகாப்பையும் நிரந்தரத் தாபரிப்பையும் தொகையோடு கோருவது. வழக்கு நடக்கும் காலத்துக்கு அதே கோவையின் 614ஆம் பிரிவில் இடைக்காலத் தாபரிப்புக்கு மனு போடலாம். வழக்குச் செலவையும் அதனோடு கேட்பது வழக்கம்.

615ஆம் பிரிவு மாதக் காசுக்கு மட்டுமானதல்ல. மொத்தத் தொகை, வருடாந்தத் தொகை, சொத்தை எழுதிக் கொடுத்தல், இவற்றுக்கு உத்தரவாதமாகக் காணியை ஈடு வைத்தல் அல்லது பிணையாளரோடு முறி (பிணைப் பத்திரம்) எழுதுதல் எல்லாமே அதற்குள் அடக்கம். லொறி சாரதிக்குச் சம்பளத் துண்டு இருக்காது, முதலாளி மாறிக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்டவரிடம் மாதத் தொகை மட்டும் வாங்கினால் ஒரு வருடத்தில் நின்றுபோகும். கணவர் பேரில் காணியோ சொந்த வாகனமோ இருந்தால் உத்தரவாதம் கேட்பதே புத்தி. மொத்தத் தொகைக்கு ஒரு குறை உண்டு: விலைவாசி ஏறும்போது மாதக் கட்டளையைக் கூட்டித்தரும்படி கேட்கலாம், மொத்தமாக வாங்கிய காசோடு கதை முடிந்தது. கூட்டலாம் என்றால் குறைக்கவும் நிறுத்தவும் அவர் வரலாம், இவர் மறுமணம் செய்தால் கட்டாயம் வருவார். "ஆயுளுக்கும் வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கோர்ட்டடி:

பிள்ளைங்க காசுக்கு விவாகரத்து முடியிற வரைக்கும் இருக்காதீங்க. நீதவான் நீதிமன்றத்துல தாபரிப்பு விண்ணப்பம் தனியாப் போடலாம், மாவட்ட நீதிமன்ற வழக்கு நடக்கிறதைச் சொல்லியே போடுங்க. 18 வயசு வரைக்கும் பிள்ளை. தன்னைப் பராமரிக்க முடியாத நிலையில 18க்கும் 25க்கும் இடைப்பட்ட மகனோ மகளோ இருந்தா அவங்களுக்கும் கேட்கலாம். கல்யாணம் பதியாத ஜோடியோட பிள்ளைக்கும் இதே உரிமைதான்.

கொண்டுபோக வேண்டியது: விவாகச் சான்றிதழ், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் வதிவிடக் கடிதம், பாடசாலைச் செலவு ரசீது, மருந்துத் துண்டு. அவர் வருமானத்துக்கு லொறி இலக்கம், எந்தக் கடைக்குச் சரக்கு ஏத்துறார், வாரத்துக்கு எத்தனை நடை தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போறார். இதெல்லாம் தெரிஞ்ச ஒரு சாட்சி, "நல்லா சம்பாதிக்கிறார்"னு பத்துப் பேர் சொல்றதைவிட மேல். மாதச் செலவை அரிசி, பால்மா, வேன் காசு, டியூஷன்னு தனித்தனியா எழுதி எடுத்துப் போங்க. வட்டமா ஒரு தொகை சொன்னா குறுக்கு விசாரணையில ரெண்டு கேள்விக்குத் தாங்காது.

பேர் போடுறதால ஒண்ணும் கிடைக்காதுங்கிறது பாதிதான் சரி. தன்னைத் தானே பராமரிக்க முடியாத துணைக்குன்னுதான் சட்டம் சொல்லுது, அதனால இவளோட செக்ரோலை (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேட்டை) அவங்க பக்கம் கட்டாயம் காட்டும். மழை மாசத்துல எத்தனை பேர் (வேலைநாள்) விழுந்தது, கடன் கழிச்சு கைக்கு வந்தது எவ்வளவுன்னு சம்பளத் துண்டுகளை ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வெச்சா பதில் சொல்லலாம். தாய் சம்பாதிக்கிறதால பிள்ளைங்களுக்குத் தகப்பன் கொடுக்க வேண்டியது இல்லாமப் போகாது.

லிந்துலை வாசகி:

நன்றி. ரெண்டு சின்னக் கேள்வி. 7 வருஷம் பிரிஞ்சிருந்தா தானா விவாகரத்துன்னு சொல்றாங்களே? அப்புறம் அந்த அழைப்பாணைக் கடுதாசி முழுக்கச் சிங்களத்துல இருக்கு. இவளுக்கு வாசிக்கத் தெரியாது.

சட்டமும் வாழ்வும்:

தானாக எதுவும் ஆகாது. 1977இல் வந்த திருத்தத்தில் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் 7 வருடப் பிரிவு பற்றி ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் அதற்கும் கைவிடல், சோரம் போன்ற குற்றம் நிரூபிக்கப்படவேண்டும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தென்னக்கோன் எதிர் சோமாவதி பெரேரா வழக்கில் தீர்த்துவிட்டது. வழக்கில் வென்றாலும் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது 3 மாதம் கழித்தே அது முற்றாகும். அதற்கு முன் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, இருதாரக் குற்றமும் சேரும். இது கணவருக்கும் பொருந்தும்.

லயக் காம்பராவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: அது தோட்டத்தின் இடம், அவர் பேரில் இல்லாததை எழுதித் தரும்படி நீதிமன்றம் சொல்ல முடியாது. 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணி கிடைத்த குடும்பமாக இருந்தால் உறுதி யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

கோர்ட்டடி:

மொழி விஷயத்துல பயப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, வழக்கு சிங்களத்துல நடந்தாலும் அது தெரியாதவங்களுக்கு மொழிபெயர்ப்பு கேட்கிற உரிமை இருக்கு. முதல் நாளே சட்டத்தரணி மூலமாச் சொல்லிடணும். ஒண்ணை மட்டும் கவனமாப் பாருங்க: கோர்ட்டுக்குப் போற எந்தச் சத்தியக்கடதாசியையும் தமிழ்ல வாசிச்சுக் காட்டாம சமாதான நீதவான் முன்னால கையெழுத்து வைக்கவே கூடாது. அதுல ஒரு திகதி பிழைச்சா, சாட்சிக்கூண்டுல இவ வேற திகதி சொல்லும்போது பொய்க்காரி ஆகிடுவா.

சட்டத்தரணிக்குக் காசில்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு கிளைக்குப் போங்க, வருமானத்தைக் காட்டச் சம்பளத் துண்டும் கிராம உத்தியோகத்தர் கடிதமும் வேணும். தவணைக்கு முந்தின நாள் போனா அங்கயும் ஒண்ணும் செய்ய முடியாது. சட்டத்தரணி கிடைக்காமலே திகதி வந்துட்டாலும் இவ போயே ஆகணும். அழைப்பாணையைக் கையில வெச்சுக்கிட்டு, பேர் கூப்பிடும்போது எழுந்து நின்னு, சட்டத்தரணி வைக்கத் தவணை வேணும்னு கேட்டா போதும்.